ஒரே ஒருவருக்காக ஒரு சமையலறை

கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு அண்டாவில் சாம்பார் கொதிக்கும். எந்தக் கரண்டி யார் இலையில் விழும் என்று சமையல்காரர் யோசிக்க மாட்டார், யோசிக்கவும் முடியாது. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அம்மா வைக்கும் கஞ்சி வேறு மாதிரி. ஒரே ஒரு கிண்ணம். அந்த நாக்குக்கு ஏற்ற உப்பு, அந்தத் தொண்டை தாங்கும் சூடு, அந்த வயிறு கேட்கும் அளவு.

உலகத்தில் இப்போது 800 கோடிக்கும் மேல் இருக்கிறோம். கடவுள்தான் நம்மைப் படைத்தார் என்று மனதார நம்புகிறவர்கள்கூட, இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் அண்டாச் சமையலைத்தான் நினைத்துக்கொள்கிறோம். கூட்டத்தோடு கூட்டமாக நானும் வந்து விழுந்தேன் என்று ஒரு எண்ணம். கருப்பைக்குள் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் தனியாக ஒரு சமையலறை கட்டப்படுகிறது. அதன் பிறகுதான் பிள்ளையே உருவாகிறது.

சமையலறையை வைத்து இதைப் பேசுவது புதிதல்ல. பைபிளில் யோபு புத்தகத்தின் 10-வது அதிகாரத்தில், யோபு கடவுளிடம் முறையிடும்போது, பாலை ஊற்றி உறையவைத்ததுபோல் என்னை உண்டாக்கினீரே என்ற பொருளில் பேசுகிறார். தயிர் உறை ஊற்றிப் பழகியவர்களுக்கு அதிலுள்ள பக்குவம் தெரியும். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் உறை மோர் வீணாகும். ஆறிப்போயிருந்தால் உறையாது. விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி மோரை விட்டு, கலக்கி, மூடி, ஆடாமல் அசையாமல் ஓரமாக வைக்க வேண்டும். யோபு எந்த நிலைமையில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னார் என்பதைப் பிறகு பார்ப்போம். இப்போது சமையலறைக்குள் போகலாம்.

முதலில் சாமான்.

ஒரு பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறகு புதிதாக உண்டாவதில்லை, குறைந்துகொண்டேதான் வரும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருவது சுமார் 400. அப்படியென்றால், நீங்கள் உருவான அந்த ஒரு முட்டை, உங்கள் அம்மா உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தயாராகிவிட்டது. உங்களுக்கான சாமானில் ஒரு பொருள் இரண்டு தலைமுறைக்கு முன்பே பாட்டியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ரவையின் ஒரு பருக்கையைவிடச் சிறியது. ஆனாலும் மனித உடம்பிலுள்ள செல்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று அது.

அப்பாவிடமிருந்து ஒரே நேரத்தில் 20, 30 கோடி விந்தணுக்கள் கிளம்புகின்றன. முட்டையின் பக்கத்தில் போய்ச் சேர்வது சில நூறு மட்டுமே. ஒன்று உள்ளே நுழைந்தவுடன் முட்டையின் மேலுறை இறுகிவிடுகிறது. அதனால் இன்னொன்று நுழைய முடியாது.

பிறகு சமையல் குறிப்பு. அம்மாவிடம் 23 ஜோடிக் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் முட்டைக்குள் போகும். எது போகும் என்பது ஒவ்வொரு முட்டைக்கும் மாறும். இப்படி அம்மா பக்கம் மட்டும் சுமார் 84 லட்சம் விதமான சேர்க்கைகள் வரலாம். அப்பா பக்கமும் அதே அளவு. இரண்டையும் பெருக்கினால் 70 லட்சம் கோடி. இது போதாதென்று, ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் பிரிவதற்கு முன் தங்களுக்குள் சில துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதையும் சேர்த்தால் எண்ணவே முடியாது. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே வீட்டுச் சமையல். ஆனாலும் அண்ணன் ஒரு மாதிரி, தங்கை ஒரு மாதிரி இருப்பது இதனால்தான். உங்கள் குறிப்பு எழுதப்பட்டது ஒரே ஒரு முறை.

இப்போது ஒரே ஒரு செல் இருக்கிறது. அது இரண்டாகிறது. பிறகு நான்கு, எட்டு. ஐந்தாவது நாள் வாக்கில் நூறு செல்கள் கொண்ட ஒரு சின்ன உருண்டை. இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நெஞ்சு நிறைகிற விஷயம் நடக்கிறது. அந்த உருண்டை இரண்டு பகுதியாகப் பிரிந்து நிற்கிறது. உள்ளே கொத்தாக நிற்கும் செல்கள் பிள்ளையாகப் போகின்றன. வெளியே சுற்றி நிற்கும் செல்கள் பிள்ளையாக ஆவதில்லை. அவை நஞ்சுக்கொடியாகப் போகின்றன. இதயமோ மூளையோ முளைப்பதற்கு முன்பு, தலை எது கால் எது என்று முடிவாவதற்கும் முன்பு, பிள்ளைக்குச் சோறு போட ஒரு ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. முதலில் அடுப்பு. பிறகுதான் மற்றதெல்லாம்.

நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு என்றுதான் பலர் நினைக்கிறோம். அம்மாவின் கருப்பைச் சுவர் அதற்கு இடம் கொடுக்கிறது, ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் பெரும்பகுதி பிள்ளையின் செல்களிலிருந்து வருவது. அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது புதிதாகவே கட்டப்படுகிறது.

கருத்தரித்த ஆறாவது நாள் முதல் பத்தாவது நாளுக்குள் அந்த உருண்டை கருப்பைச் சுவரில் ஒட்டிப் புதைகிறது. உடனே ஒரு வேலை செய்தாக வேண்டும். ஒட்டியிருக்கும் சுவரின் மேல்பூச்சு, மாதவிலக்கு வந்தால் உதிர்ந்துவிடும். அதை நிறுத்த வேண்டும். எனவே வெளிச்செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து அம்மாவின் ரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செய்தி சினைப்பைக்குப் போகிறது; சினைப்பை, சுவர் உதிராமல் காக்கும் இன்னொரு ஹார்மோனைத் தொடர்ந்து தருகிறது. மருந்துக்கடையில் வாங்கும் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுகிறதே, அது இந்த எச்.சி.ஜி.யைத்தான் பார்க்கிறது. அம்மா, நான் வந்துவிட்டேன், வீட்டைக் கழுவிவிடாதே என்று பிள்ளை அனுப்பிய முதல் சொல் அது.

பிறகு சிறு தீ. பால் காய்ச்சத் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் அடுப்பைப் பெரிதாக வைக்க மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்கு அம்மாவின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழு வேகத்தில் பாய்வதில்லை. ரத்தக்குழாய்களின் வாயை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து நிற்கின்றன. அதுவரை கருப்பைச் சுவரிலுள்ள சுரப்பிகள் கசியவிடும் சத்துதான் உணவு. ஆக்சிஜனும் குறைவாகவே கிடைக்கும். உறுப்புகள் வரைபடமாக உருவாகும் அந்த மென்மையான நாட்களுக்கு அதிக ஆக்சிஜன் நல்லதல்ல. எலும்புக்கூடும் உறுப்புகளும் ஓரளவு நிலைத்த பிறகுதான் அடைப்பு விலகி, தீ கூட்டப்படுகிறது.

இந்தச் சிறு தீயில் நடப்பவை ஏராளம். 22-வது நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான தகடாக இருக்கின்றன. அந்தத் தகட்டின் இரண்டு ஓரங்களும் எழுந்து வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. பூரணக் கொழுக்கட்டையை எப்படி மூடுவோம்? மாவை மடித்து, நடுவில் ஒட்டி, இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போவோம். அதே மாதிரி கழுத்துப் பகுதியில் ஒட்டத் தொடங்கி, மேலே தலைப் பக்கமும் கீழே முதுகுப் பக்கமும் மூடிக்கொண்டே போகிறது. 28-வது நாளுக்குள் மூடி முடிகிறது. ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் பிள்ளை முதுகுத்தண்டு பிளந்த நிலையில் பிறக்கலாம்.

இதில் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அந்த ஓரம் ஒட்ட ஃபோலிக் அமிலம் தேவை. 28-வது நாள் என்றால், மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். அதற்குள் மூடும் வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். கீரையும் பயறும் நல்லவை. ஆனால் அவை மாத்திரைக்கு மாற்றாகா. அதேபோல் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும். அது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அயோடின் கலந்த உப்பிலேயே இருக்கிறது. கடவுளின் பராமரிப்பு என்று சொல்லும்போது, அந்த உப்பு ஜாடியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையையும் சேர்த்தே சொல்கிறேன்.

கைகள் முதலில் துடுப்பு மாதிரி, விரல் பிரியாமல் இருக்கும். பிறகு விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் தாமாகவே மடிந்து விலகுகின்றன. சோமாசியின் ஓரத்தில் அதிகப்படி மாவைச் சக்கரத்தால் வெட்டி எடுப்பதுபோல், இருப்பதில் வேண்டாததை நீக்கி விரல்கள் வெளிவருகின்றன. எட்டு வாரம் முடியும்போது பிள்ளையின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். முக்கியமான எல்லா உறுப்புகளும் அதற்குள் தொடங்கியாகிவிட்டன.

இனி சமையலறை முழுவேகத்தில் இயங்கப்போகிறது. அதனால் உள்ளே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வளர்ந்து முடிந்த நஞ்சுக்கொடி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. எடை சுமார் அரைக் கிலோ. அதன் உட்பக்கம் மரக்கிளைகள்போலப் பிரிந்து பிரிந்து போகும் நுண்ணிய விரல்களால் ஆனது. அவற்றையெல்லாம் விரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு சிறிய அறையின் தரை. ஒவ்வொரு விரலுக்குள்ளும் பிள்ளையின் ரத்தம் ஓடுகிறது. விரலுக்கு வெளியே அம்மாவின் ரத்தம், நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை, வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறது. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய சவ்வு. காபி ஃபில்டரில் மேல்தட்டில் தூள், கீழ்த்தட்டில் டிகாக்ஷன். தூளின் சாரம் இறங்குகிறது, தூள் இறங்குவதில்லை. அதுபோல அம்மாவின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனும் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் இறங்குகின்றன. அம்மாவின் ரத்தம் இறங்குவதில்லை.

ஆனால் ஃபில்டரில் எல்லாம் ஒரே பக்கம்தான் போகும். இங்கே இரண்டு பக்கமும் போக்குவரத்து. பிள்ளையின் கரியமிலவாயுவும் மற்ற கழிவுகளும் இந்தப் பக்கம் வந்து, அம்மாவின் நுரையீரலும் சிறுநீரகமும் அவற்றை வெளியேற்றுகின்றன. சமைப்பதும் பரிமாறுவதும் எச்சில் இலை எடுப்பதும் அதே இடத்தில். ஆக்சிஜன் விஷயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கருவிலிருக்கும் பிள்ளையின் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் அம்மாவின் ரத்தத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடிகிறது. பிறந்த சில மாதங்களில் அந்த வகை குறைந்து, பெரியவர்களின் வகை வந்துவிடும்.

இந்தச் சவ்வு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நினைக்கக்கூடாது. மது இறங்கும். புகையிலையின் நிகோடின் இறங்கும். சில மருந்துகளும் இறங்கும். அதனால் கர்ப்பிணி தானாக மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. பக்கத்தில் நின்று புகைப்பவரும் தள்ளிப் போக வேண்டும்.

கடைசி மூன்று மாதங்களில் இன்னொரு சாமான் மும்முரமாக இறங்குகிறது. அம்மாவுக்கு வந்துபோன நோய்களையும் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளையும் நினைவு வைத்திருக்கும் எதிர்ப்புப் புரதங்கள். வெளியூருக்குப் போகும் பிள்ளைக்கு ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுப்போமே, அப்படி ஒரு கட்டு. பிறந்த பின் முதல் சில மாதங்கள் பிள்ளை அதை வைத்துத்தான் சமாளிக்கிறது. நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசியை ஒன்பது மாதம் முடிந்த பிறகு போடுவதற்கு ஒரு காரணம் இதுதான்: அம்மா கட்டிக் கொடுத்தது அதற்குள் தீர்ந்துவருகிறது, தீருவதற்கு முன் போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது.

பரிமாறும் கை தொப்புள்கொடி. நீளம் சுமார் 50, 60 சென்டிமீட்டர். உள்ளே மூன்று குழாய்கள்: சத்தைக் கொண்டுவர ஒன்று, கழிவைக் கொண்டுபோக இரண்டு. பிள்ளை உள்ளே குட்டிக்கரணம் போடும். குழாய் மடங்கி நசுங்கிவிடாதபடி, சுற்றிலும் கடற்பாசி ஜெல்லிபோல் கொழகொழவென்று ஒரு பொருள் நிரம்பியிருக்கிறது.

சரி, இவ்வளவும் குழாய் வழியாகப் போகிறது. பிள்ளைக்கு ருசி தெரியுமா? தெரியும். தான் மிதக்கும் பனிக்குட நீரைப் பிள்ளை விழுங்குகிறது, சிறுநீராக விடுகிறது, மறுபடி விழுங்குகிறது. நான்காவது மாதத்துக்குள் நாக்கின் சுவை மொட்டுகள் வேலைக்குத் தயாராகிவிடுகின்றன. அம்மா சாப்பிடும் பூண்டின் வாசம் அந்த நீரில் வருகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் ஜூஸ் குடித்து வந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழைக் குறைவாகவே முகம் சுளித்துச் சாப்பிட்டன. நம் வீடுகளில் வளைகாப்பு நாளில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று வரிசையாக வைக்கிறோம். அந்த இலையிலிருந்து ஏதோ ஒரு வாசனை உள்ளே இருக்கும் நாக்குக்கும் போய்ச் சேர்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டு வாசனையோடுதான் வெளியே வருகிறது. ஏழாவது மாதத்தில் காதும் கேட்கும்; பிறந்தவுடன் மற்றப் பெண்களின் குரலைவிட அம்மாவின் குரலையே குழந்தை விரும்புகிறது என்பது 1980-ல் வெளியான ஒரு ஆய்வில் தெரிந்தது.

இப்போது விரல் நுனிக்கு வருவோம். தனிக் கவனிப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குத் தெரியாது.

பத்தாவது வாரம் வாக்கில் விரல் நுனியின் தோலுக்கு அடியில் மெல்லிய மேடுகள் எழத் தொடங்குகின்றன. விரல் திண்டின் நடுவில் ஒரு அலை, நகத்துக்கு அடியிலிருந்து ஒரு அலை, மூட்டு மடிப்பிலிருந்து ஒரு அலை. மூன்றும் பரவி வந்து சந்திக்கும் இடத்தில் சுழியோ வளையமோ வில்லோ உண்டாகிறது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இதை விளக்கினார்கள். எந்த அலை எப்போது கிளம்பியது, விரல் திண்டு அப்போது எவ்வளவு உப்பியிருந்தது என்பதைப் பொறுத்து வரிகள் மாறும். 17-வது வாரத்துக்குள் எல்லாம் நிலைத்துவிடுகின்றன.

ஒரே மாவு, ஒரே கல், ஒரே கரண்டி, ஒரே கை. அடுத்தடுத்து இரண்டு தோசை வார்த்துப் பாருங்கள். வட்டம் ஒன்றுபோல் இருக்கலாம். கரண்டி போன வரியும் மாவில் விழுந்த கண்களும் ஒன்றுபோல் இருக்காது. ஒத்த இரட்டையர்கள் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். அவர்கள் ஒரே செல்லிலிருந்து வந்தவர்கள். சமையல் குறிப்பு ஒன்றே. அவர்களில் பெரும்பாலோர் ஒரே நஞ்சுக்கொடியையும் பகிர்ந்துகொள்கிறார்கள். நான் தனிச் சமையலறை என்று சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் அவர்களின் கைரேகைகள் வேறு வேறு. குறிப்பும் அடுப்பும் ஒன்றாக இருந்தும் கடைசியில் இலையில் விழுவது இரண்டு தனி ஆட்கள்.

அலைகளின் கணக்குத்தானே, இதில் கடவுள் எங்கே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தோசைக்கல்லில் மாவு வேகுவது சூட்டின் இயல்பு. கண் விழுவது ஆவியின் இயல்பு. அது முழுக்க உண்மை. அந்த இயல்புகளை அறிந்து, யாருக்காக வார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வார்த்த கை ஒன்று இருந்தது என்பதும் அதனால் பொய்யாகிவிடாது. நான் நம்புவது அந்தக் கையை.

ரேஷன் கடையில் வயதான அம்மா ஒருவர் கருவியில் விரல் வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முறை வைத்து எடுக்காமல் போனால், முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்துவார். நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் மேல்தோல் தேய்ந்திருக்கும். ஆனால் வரியின் அச்சு அடித்தோலில் இருக்கிறது. மேலே சிராய்த்தாலும் ஆறும்போது அதே வரி மறுபடி எழும். அந்தக் கருவி தேடிக்கொண்டிருப்பது, அவர் தன் தாயின் வயிற்றில் நான்காவது மாதத்தைத் தாண்டுவதற்குள் பெற்ற வரிகளை. அவருக்குப் பெயர் வைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

கருவில் இருப்பது ஆபத்தான காலம் என்று பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் மாணிக்கவாசகர், கருப்பைக்குள் ஒவ்வொரு மாதமும் உயிர் எதிலிருந்து தப்பிப் பிழைத்தது என்று மாதம் மாதமாக எண்ணிச் சொல்கிறார். நான் வணங்கும் வழி வேறு. ஆனாலும் அந்த எண்ணிக்கையில் ஒரு நன்றியும் ஒரு நடுக்கமும் சேர்ந்தே இருப்பதை என்னால் உணர முடிகிறது.

ஏனென்றால் எல்லாரும் தப்பிப் பிழைப்பதில்லை. தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது கலைந்துவிடுகின்றன. அப்படி நேர்ந்த பெண்ணிடம் நம் ஊரில் என்னென்ன கேட்போம்? மாடிப்படி ஏறினாயா, குடம் தூக்கினாயா, பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா. தயவுசெய்து கேட்காதீர்கள். ஆரம்ப மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை கூடியோ குறைந்தோ போனது. அது கருத்தரித்த நேரத்திலேயே முடிவானது. அம்மா செய்த எதுவும் அதை உண்டாக்கவில்லை.

இந்த இடத்தில் சமையலறை உவமையை அடுப்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். பதம் தப்பிய பண்டத்தைக் கொட்டிவிட்டு வேறு செய்யலாம். கலைந்த பிள்ளை பதம் தப்பிய பண்டம் இல்லை. 21-வது குரோமோசோம் மூன்றாக இருந்து டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளையும் இல்லை. அவர்களுக்கும் அடுப்பு மூட்டப்பட்டது. ஆறு வாரத்தில் கலைந்த கருவும் தான் வந்த செய்தியை அம்மாவுக்கு அனுப்பியது. அந்த இரண்டு கோட்டை அம்மா பார்த்தாள். அந்தக் கவனிப்பு நடந்தது நடந்ததுதான். முடிவு வேறாக இருந்ததால் அது இல்லாமல் போய்விடாது.

யோபுவிடம் இப்போது போகலாம். பாலை உறையவைத்த பேச்சை அவர் நிம்மதியாக உட்கார்ந்து பேசவில்லை. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து, சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருந்தவர் அவர். இவ்வளவு பார்த்துப் பார்த்து என்னைச் செய்துவிட்டு இப்போது ஏன் அழிக்கிறீர் என்று கடவுளிடமே கேட்கிறார். தன்னைச் செய்த கை அன்பான கை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாததால்தான் அந்தக் கேள்வி இவ்வளவு சூடாக வருகிறது. பிள்ளையை இழந்தவர்களிடம் எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லி வாயை அடைப்பதைவிட, யோபுவைப்போல் கேட்க விடுவது நல்லது. அந்தப் புத்தகத்தின் கடைசியில் கடவுள் யோபுவின் நண்பர்களைத்தான் கண்டிக்கிறார்.

இனி பிரசவம். 35-வது வாரம் வாக்கில் நுரையீரலின் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டிய வழவழப்பான பூச்சு போதிய அளவு வந்துவிடுகிறது. வடகம் காயவைக்கும் பிளாஸ்டிக் தாளில் எண்ணெய் தடவுவோமே, அதே வேலை. பிள்ளை வெளியே வந்து முதல் மூச்சு இழுத்ததும் காற்றறைகள் விரிகின்றன. இதயத்துக்குள் இதுவரை நுரையீரலைத் தவிர்த்துப் போக இருந்த குறுக்கு வழியின் கதவு சாத்திக்கொள்கிறது.

தொப்புள்கொடியை உடனே வெட்ட அவசரப்பட வேண்டாம், குறைந்தது ஒரு நிமிடம் பொறுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம் பிள்ளைக்குள் இறங்குகிறது. அதிலுள்ள இரும்புச்சத்து அடுத்த சில மாதங்களுக்கு ரத்தசோகை வராமல் காக்கும். சட்டியை வழித்துப் போடும் கடைசிக் கரண்டி.

பிறகு நஞ்சுக்கொடி தானாகக் கழன்று வருகிறது. எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, செவிலியர் ஒருவர் மட்டும் அதை ஒரு தட்டில் வைத்து, திருப்பி, ஓரம் ஓரமாகப் பார்ப்பார். துண்டு ஏதாவது உள்ளே தங்கியிருந்தால் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்காது. அதனால் முழுதாக வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதை அப்புறப்படுத்துவார். ஒன்பது மாதம் ஒரே ஒருவருக்காக நடந்த சமையலறை அது.

நஞ்சுக்கொடி போய்விட்டாலும் பிள்ளையின் சில செல்கள் அம்மாவின் ரத்தத்துக்குள் வந்து தங்கியிருக்கும். 1996-ல் டயானா பியாங்கி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, ஆண் பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தைச் சோதித்தது. ஒரு தாயின் ரத்தத்தில், மகன் பிறந்து 27 வருடம் ஆன பிறகும் ஆண் செல்கள் இருந்தன.